கன்னத்துக்கு ஒரு பிளேடு

"மொத்தமா வழிச்சுடட்டுமா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"வேண்டாம் மாஸ்டர். ஓரத்துல மட்டும் லேசா ட்ரிம் பண்ணி விடுங்க" என்றான் நாற்காலியில் இருந்த கல்லூரி மாணவன்.

"சும்மாதான் கேட்டேன். வழிச்சா முகம் பளிச்சுன்னு இருக்குமே."

"வேண்டாம் மாஸ்டர்."

"வெயில் வேற கொளுத்துது."

"மாஸ்டர், நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

சலூன்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே ட்ரிம்மரை எடுத்தார். அந்தச் சனியன் உர்ரென்று சத்தம் போட்டதும் அவருக்கு வயிறு எரிந்தது. கண்ணாடிக்குக் கீழே சீப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனை எட்டிப் பார்த்தார். கொக்கு மார்க் கம்பெனியின் பங்கு விலை இன்றைக்கும் சிவப்பில்தான் இருந்தது. இறங்காமல் என்ன செய்யும்? வாலிபப் பிள்ளைகள் எல்லாம் முகத்தில் புதர் வளர்த்துக்கொண்டு திரிந்தால் பிளேடு எப்படி விற்கும்?

சமீப காலம் வரை அவருக்கும் பங்குச் சந்தைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கிளப்பிவிட்டவன் மச்சான். மனைவியின் தம்பி. பகலெல்லாம் செல்போனில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, தாடியைத் தடவித் தடவிப் பேசுகிற ஆசாமி.

"மாமா, தெரியாத கம்பெனியில காசைப் போடுறவன்தான் மாட்டிக்கிறான். நீங்க தினமும் கையில எடுக்கிற சாமான் எது? எதைப் பத்தி உங்களுக்கு அக்கு வேறா ஆணி வேறா தெரியும்? அந்தக் கம்பெனிப் பங்கைக் கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றான்.

சலூன்காரர் கண்ணை மூடவில்லை. மேஜையில் கிடந்த கொக்கு மார்க் பிளேடைப் பார்த்தார். கடை திறந்த நாளிலிருந்து அதுதான். கத்தியில் மாட்டும்போது வருகிற சின்னச் சத்தத்தை வைத்தே இது கொக்கு மார்க்கா, வேறு மார்க்கா என்று சொல்லிவிடுவார். இரண்டாக ஒடித்தால் நூல் பிடித்த மாதிரி ஒடியும். ஆளுக்குப் பாதி பிளேடு என்பது தொழில் வழக்கம். அந்தப் பாதியே எப்பேர்ப்பட்ட முரட்டுத் தாடையையும் கீறாமல் வழித்துவிடும். ஒரு கம்பெனியைப் பற்றி இதைவிட என்ன தெரிய வேண்டும்?

போட்டார். போட்டது சும்மா கிடந்த பணம் இல்லை. பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து மனைவிக்கு ஒரு பியூட்டி பார்லர் வைத்துக் கொடுக்கச் சேர்த்த அட்வான்ஸ் பணம். அவள் யாருடைய பார்லரிலோ நாள் முழுக்க நின்றபடி ஊரார் புருவத்தைத் திருத்திவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வருகிறாள். சொந்தக் கடையின் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரை முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"மாசக் கடைசியில ஓனர் கையில அட்வான்ஸ் கொடுக்கணும். அதுக்குள்ள உங்க கொக்கு மீனோட வந்து சேரணும். இல்லேன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றாள்.

"வரும்மா. பெரிய மீனாவே வரும்."

வந்தது என்னவோ நட்டம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இந்த விலைக்கு விற்றால் அட்வான்ஸ் பணத்துக்குத் துண்டு விழும். ஆறுதல் சொல்ல மச்சான் கடைக்கு வந்தான்.

"பொறுமையா இருங்க மாமா. சந்தைன்னா அப்படித்தான்" என்று தாடியைத் தடவினான்.

சலூன்காரர் அந்தத் தாடியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "உட்காரு."

"எதுக்கு?"

"கொக்கு மார்க்குல போடச் சொன்ன யோசனை யாருது?"

"என்னுதுதான்."

"அப்ப முதல் தாடியும் உன்னுதுதான்."

மச்சான் எழுந்திருப்பதற்குள் துண்டு போர்த்தியாகிவிட்டது. கத்தி தொண்டைப் பக்கம் இருக்கும்போது எவ்வளவு பெரிய வாயாடியும் வாதாட மாட்டான். வழித்து, துடைத்து, மச்சானின் முகம் உரித்த முட்டை மாதிரி வெளியே வந்த நேரம் பார்த்து, செல்போன் பச்சையானது. பத்து பைசா ஏற்றம்!

"பார்த்தியா!" என்று துள்ளினார் சலூன்காரர்.

"மாமா, இது ஏதோ தற்செயல். லட்சக்கணக்கான பேர் வாங்குறான், விக்கிறான்..."

"அந்த லட்சத்துல ஒருத்தன் தாடி இப்பத்தானே போச்சு?"

அன்றைக்குப் பிடித்தது பிடிவாதம். கொக்கு மார்க்கில் காசு போட்டவர், அந்தக் கொக்கைப் போலவே ஒற்றைக் காலில் நின்றார். இந்தத் தெருவில் தாடி என்று ஒன்று இருக்கக் கூடாது. முதல் வேலையாக ட்ரிம்மரைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டார். வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே தாடி திருத்தப்பட மாட்டாது. வழிக்கப்படும்.'

பலகையைப் படித்த தாடிக்காரர்கள் எல்லாம் பேசாமல் எதிர்ச் சாரியில் இருந்த சலூனுக்குப் போனார்கள். முதல் ஆளாகப் போனவன் கல்லூரி மாணவன்.

சரி, இப்படியா சேதி என்று சலூன்காரர் பலகையைத் திருப்பி எழுதினார்: 'முடி வெட்டினால் ஷேவிங் இலவசம்.' கூட்டம் வந்தது. ஆனால் தனியாக ஷேவிங்குக்குக் காசு கொடுத்து வந்துகொண்டிருந்த பழைய ஆட்களெல்லாம், முடி வளரட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாடியோடு காத்திருக்க ஆரம்பித்தார்கள். அதாவது, இல்லாத தாடிகளும் புதிதாக முளைத்தன. அதைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. ஷேவிங் மட்டும் என்றாலும் இலவசம் என்று எழுதிவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? போகிற வழியில் வருகிறவன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன், ஓசியில் கிடைத்தால் எதையும் விடாதவன் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்குப் பாதி பிளேடு என்ற கணக்கையும் அவர் தூக்கி எறிந்தார். இந்தக் கன்னத்துக்கு ஒரு முழு பிளேடு, அந்தக் கன்னத்துக்கு ஒரு முழு பிளேடு.

"மீசைக்குத் தனியா ஒண்ணு போடுவீங்களா மாஸ்டர்?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"போட்டுட்டாப் போச்சு!" என்று நிஜமாகவே போட்டார்.

பிளேடு சப்ளை செய்கிற ஏஜென்ட் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். "அண்ணே, இந்தக் காலத்துல இவ்வளவு பிளேடு வாங்குற ஒரே ஆள் நீங்கதான்!" என்றார். சலூன்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஏஜென்ட் மனம் நெகிழ்ந்து கம்பெனியின் புது விளம்பரப் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அடர்ந்த தாடியோடு ஒரு அழகன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு மேலே இடம் பத்தவில்லை. சலூன்காரர் படத்தின் கீழ்ப்பக்கத்தைக் கத்தரித்து வீசிவிட்டு, முகத்தை மட்டும் ஒட்டினார்.

"என்ன மாஸ்டர், ஷேவிங் கடையில தாடிக்காரன் படம்?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"இது வழிக்கிறதுக்கு முந்தி எடுத்தது. வழிச்ச பிறகு எடுத்தது அடுத்த மாசம் வரும்."

ஒரு சாயங்காலம் மனைவி வந்து கல்லாவைத் திறந்து பார்த்தாள். பிறகு குப்பைக் கூடையைப் பார்த்தாள்.

"கல்லாவுல காசு இல்ல. கூடையில முடி மலையா இருக்கு. என்னங்க இது?"

"முதலீடும்மா."

"எது? கூடையில இருக்கிறதா?"

அவர் செல்போனை எட்டிப் பார்த்தார். விலை இன்னும் இறங்கியிருந்தது. ஆனால் விடுவதாக இல்லை. இத்தனை தாடி வழித்தும் இறங்குகிறது என்றால், இன்னும் வழிக்காத தாடிகள் எங்கோ இருக்கின்றன என்றுதானே அர்த்தம்!

மாதக் கடைசி நெருங்கியபோது கட்டட ஓனர் வந்தார். அவருடைய தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஞ்சு வரைக்கும் கருகருவென்று இறங்கிய தாடி. தெருவில் அவர் வருவதற்கு முன்னால் அது வரும். பஞ்சாயத்து பேசும்போது அதை ஒரு தடவு தடவினால் எதிராளி பாதி இறங்கி வந்துவிடுவான்.

"முடி மட்டும் வெட்டு. உன் பலகையைப் படிச்சேன். என் தாடியில கை வெச்சே, தொலைஞ்சே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "உன் வீட்டுக்காரம்மாவும் வர்றாங்கல்ல? ரூம் விஷயத்தைப் பேசி முடிச்சுடுவோம்." விசிறிக் காற்று பட்டதும் அப்படியே தூங்கிப்போனார்.

சலூன்காரர் முடியை ஒழுங்காக வெட்டி முடித்தார். கத்தரியைக் கீழே வைத்தார். செல்போனைப் பார்த்தார். என்றைக்கும் இல்லாத சிவப்பு. தூங்குகிற தாடியைப் பார்த்தார். இவ்வளவு பெரிய தாடிக்கு எத்தனை பைசா ஏறும்? சீச்சீ, கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டார். ஓனரை நம்பித்தான் அந்த அறையே இருக்கிறது. கூடாதுதான். ஆனால் ஓரத்தில் பிசிறாக நிற்கும் நாலு முடியை எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

எடுத்தார். இடப்பக்கம் ஒரு விரல் அகலம் உள்ளே போய்விட்டது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் எடுத்தார். அங்கே இரண்டு விரல் போய்விட்டது. மறுபடி இடப்பக்கம். இரண்டு பக்கமும் ஒருவழியாகச் சமமானபோது, முகவாயில் ஆட்டுத் தாடி மாதிரி ஒரு கொத்து மட்டும் தொங்கியது. அதோடு விடுவது ஓனருக்குத்தான் அவமானம் என்று அவருக்குத் தோன்றியது. நுரையைக் குழைத்தார். கன்னத்துக்கு ஒரு பிளேடு.

கடைசி இழுப்பில் ஓனர் விழித்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

"யார்ரா இவன்?"

சலூன்காரர் கத்தியை மடக்கினார். "நீங்கதாங்க."

ஓனர் தாடி இருந்த இடத்தைத் தடவினார். கை நேராகக் கழுத்துக்கு இறங்கியது. அப்போதுதான் சலூன்காரரும் கவனித்தார். ஓனருக்கு முகவாய்க்கட்டை என்று ஒன்று இல்லவே இல்லை.

"என் பொண்டாட்டிகூட இதைப் பார்த்ததில்லடா, பாவி!" என்று ஓனர் அலறினார். யாரையோ கூப்பிடச் செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அது திறக்க மறுத்தது. இன்னொரு முறை பிடித்தார். முகம் பொருந்தவில்லை என்றது. "பாரு, இதுக்கே என்னைத் தெரியல!"

சரியாக அந்த நேரம் மனைவி உள்ளே வந்தாள். நாற்காலியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னங்க, ஓனர் இன்னும் வரலையா?" என்றாள்.

ஓனர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விஷயம் அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் வாடிப்போனது. அவளுடைய சுவர், அவளுடைய நிறம், எல்லாம் தரையில் கறுப்பாகக் குவிந்து கிடந்தது. சலூன்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓனர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தப்பு எங்க மேலதான். உங்க தாடியைப் பழையபடி வளர்த்துக் கொடுக்கிறது எங்க பொறுப்பு. எண்ணெயோ தைலமோ, என்ன செலவானாலும் நாங்க பார்த்துக்கறோம். அது வரைக்கும் ரூமை வேற யாருக்கும் கொடுக்காதீங்க."

துண்டுக்குள்ளே ஒரு கை முகவாயைத் தடவிப் பார்த்தது. பிறகு, "பழையபடின்னா பழையபடி. நெஞ்சு வரைக்கும் வரணும். வந்தா ரூமு, வரலைன்னா ரெண்டு பேரும் கடையைக் காலி பண்ணுங்க" என்று குரல் மட்டும் வந்தது.

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னும் என்ன நிக்கிறீங்க? தாடி வளர என்னென்ன உண்டோ வாங்கிட்டு வாங்க. இல்லாம கடைப் பக்கம் வராதீங்க!"

சலூன்காரர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். வழிப்பது எப்படி என்று அவருக்குக் கரைத்துக் குடித்த மாதிரி தெரியும். வளர்ப்பதைப் பற்றி வாழ்க்கையில் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் வளர்த்துக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு மருந்துக்கடை. அவர் அதற்கு முன் அந்தப் படி ஏறியதில்லை.

"தாடி வேகமா வளர ஏதாவது இருக்காம்மா?" என்று மூச்சு வாங்கினார். "ரொம்ப அவசரம்."

கடைக்காரம்மா அவருடைய மழமழ முகவாயைப் பார்த்தார். "உங்களுக்கா?"

"இல்ல, வேண்டப்பட்ட ஒருத்தருக்கு."

"இருக்கு, இருக்கு. அருமையான எண்ணெய். இதை அடிச்சுக்க வேற கிடையாது."

அந்த அம்மா முக்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, ஊதி, முந்தானையால் துடைத்து நீட்டினார். சலூன்காரர் வாங்கிப் பார்த்தார். பாட்டிலின் மேல் ஒரு அழகன் அடர்ந்த தாடியோடு சிரித்தான். கண்ணாடிக்கு மேலே தினமும் பார்க்கிற அதே சிரிப்பு. அவர் கத்தரித்து எறிந்த பாகமும் இங்கே முழுசாக இருந்தது. அழகனின் கையில் இதே பாட்டில், பாட்டிலுக்குக் கீழே ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.

"இது... இது பிளேடு கம்பெனி ஆச்சேம்மா?"

"பிளேடு எல்லாம் சும்மா பேருக்குத்தான் சார், கம்பெனியே இப்ப இந்தத் தாடி எண்ணெயிலதான் ஓடுது, ஆனா இந்த ஏரியாவுலதான் ஒரு பாட்டில்கூட நகரல, எவனோ ஒரு சலூன்காரன் வர்றவன் போறவன் தாடியெல்லாம் ஓசியிலேயே வழிச்சுத் தள்ளிக் கம்பெனியையே இழுத்து மூட வெச்சுடுவான் போலிருக்குன்னு எண்ணெய் கொண்டு வர்ற ஏஜென்ட் காலையிலதான் இங்க உட்கார்ந்து அழுதுட்டுப் போனாரு!"