என் துப்பாக்கியும் தங்கள் குறிப்புப் பக்கமும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் வார இதழை முன்னட்டை முதல் பின்னட்டை வரை ஒரு வரி விடாமல் படித்துவரும் வாசகனும், தற்சமயம் பணவண்டிக் காவலனுமாகிய அடியேன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவியும் என் இடுப்புத் துப்பாக்கியும் நலம். அங்கே தாங்களும், துணையாசிரியர்களும், அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விஷயம் என்னவென்றால், என் சந்தாவை உடனே நிறுத்திவிடுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்கிறானே என்று கோபிக்க வேண்டாம். நான் பல வருடம் ஒரு வணிக வளாகத்து வாசலில் தடியோடு நின்றவன். கார் கதவைத் திறப்பது, மழை வந்தால் குடை பிடிப்பது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்குக் கை காட்டுவது, இவ்வளவுதான் உத்தியோகம். அந்தத் தடியால் ஒரு பூனையைக்கூட விரட்டியதில்லை. இந்த வருடம்தான் பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, வங்கிகளுக்குப் பணப்பெட்டி கொண்டுபோகும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். உட்கார இருக்கை, இடுப்பில் கைத்துப்பாக்கி. என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தோளளவு, இடுப்பளவு, என் கணவருக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. மூன்று மாதம் சோதனைக் காலம், மாதக் கடைசியில் ஆயுதப் பரிசோதனை. கடைசிப் பரிசோதனையிலும் துரு தெரிந்தால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பழையபடி தடியைக் கொடுத்து வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

துரு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கடவுள் எனக்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் கொடுத்த ஒரே பொருள் வியர்வை. பணவண்டி என்பது சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி, காற்றுக்கு அதில் அனுமதி இல்லை. எங்கள் ஓட்டுநர், "அண்ணே, நீங்க ஏறி உக்காந்தா வண்டிக்குள்ள மட்டும் மழைக்காலம்"என்பார். துப்பாக்கியோ தோல் உறைக்குள் என் தொப்பையை ஒட்டியே குடியிருக்கிறது. சேர்ந்த சில நாளிலேயே அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மிளகாய்த்தூள் என்று நினைத்து ஊதினேன், போகவில்லை. நிறுவனம் கொடுத்த சின்னக் குப்பி எண்ணெயோ முதல் வாரமே என் சட்டைப் பையில் கவிழ்ந்துவிட்டது. அந்தச் சட்டை மட்டும் இன்றுவரை துருப்பிடிக்காமல் இருக்கிறது.

அப்போதுதான் தங்கள் இதழில் 'குடும்பத் தலைவி'என்ற பெயரில் குறிப்பு எழுதும் அம்மையார் என் கண்ணில் பட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். 'இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் இருக்கச் சமையல் எண்ணெய் தடவி வைக்கவும்'என்று எழுதியிருந்தார். தடவினேன். அரைகுறையாகச் செய்வது என் சுபாவமில்லை, ஆகவே தோசைக்கல்லுக்கு ஊற்றுவது போலத் தாராளமாகவே ஊற்றினேன். அந்த எண்ணெய் நாலே நாளில் பிசினாகிவிடும் என்று யாருக்குத் தெரியும்? முதல் பரிசோதனைக்கு வந்தவர் எங்கள் ஆயுத மேற்பார்வையாளர். எதையும் பூதக்கண்ணாடி வைத்தே பார்ப்பார், அதனால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரிய மீசை, சிரிக்காத முகம். "எடு"என்றார். இழுத்தேன். துப்பாக்கி உறையை விட்டு வரமாட்டேன் என்றது. இன்னும் பலமாக இழுத்தேன். உறை, உறையோடு இடைவார், இடைவாரோடு கால்சட்டையும் கிளம்பப் பார்த்தது. பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் அடியில் துரு அப்படியே சௌக்கியமாக இருந்தது.

"யாருய்யா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"வார இதழ்ல போட்டிருந்தாங்க சார். குறிப்புப் பக்கத்துல."

இதைக் கேட்டதும் அவருக்கு ஏனோ புரையேறியது. தண்ணீர் குடித்தார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று நான் நிற்க, "சரி சரி, போ, அடுத்த மாசம் பார்க்கலாம்"என்று விட்டுவிட்டார். மனிதருக்குள் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு நான் திருந்தியிருக்க வேண்டும். பட்டும் புத்தி வரவில்லை. அடுத்த இதழில் அதே அம்மையார், 'ஈரம் அண்டாமல் இருக்க இரும்பை அச்சடித்த தாளில் சுற்றி, அரிசிக்குள் புதைத்து வைக்கவும்'என்று எழுதியிருந்தார். வீட்டில் அச்சடித்த தாள் என்றால் தங்கள் இதழ்தான். புத்தம் புது இதழில் தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்துச் சுற்றினேன், அரிசி டப்பாவில் புதைத்தேன், டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் பரிசோதனையில் பூதக்கண்ணாடி கண்ணாடியை நெருக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தார். துடைத்தும் மிஞ்சிய எண்ணெயில் மை ஊறி, கதையின் கடைசி வரி குழல்மேல் இடம் வலமாக மாறி ஒட்டியிருந்தது.

"'அவள் கண்கள் கலங்கின, தொடரும்'னு போட்டிருக்கே. சுட்டா மீதிக் கதை வருமா?"

நான் பதில் சொல்வதற்குள் குழலைக் கவிழ்த்தார். மேசைமேல் அரிசி பொலபொலவென்று கொட்டியது. அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குழல் அடைத்துக்கொண்டிருக்கும்போது சுட்டால் வெடிப்பது துப்பாக்கிதான், எதிரில் இருப்பவனைவிடப் பிடித்திருப்பவனுக்கே ஆபத்து என்று அவர் சொன்னதும் நான் மேசையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். "இதுவும் அந்தப் பத்திரிகையிலதானா?"என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த முறையும் முகம் ஒரு மாதிரி ஆகி, "கடைசி வாய்ப்பு. புரியுதா?"என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயா, அந்த 'குடும்பத் தலைவி'க்கு வீட்டில் வேறு வேலையே கிடையாதா? அவருடைய கணவர் எப்படி உயிரோடு இருக்கிறார்? அவர் இரும்பு என்று ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்பாரா? இதைத் தாங்கள் அந்த அம்மையாரிடம் என் பெயரைச் சொல்லியே கேட்கலாம். இன்னொரு புகாரும் உண்டு. காவலர் அறையில் எல்லோரும் படிக்கட்டுமே என்று நான் போட்டு வைக்கும் இதழ்களில் இந்தக் குறிப்புப் பக்கத்தை மட்டும் யாரோ கத்தரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊரில் இன்னும் எத்தனை துப்பாக்கியில் அரிசி விளையப் போகிறதோ!

அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பை அடக்க நூலைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க, என் மிஷின் எத்தனை வருஷமா ஓடுது? எங்கயாவது ஒரு பொட்டு துரு இருக்கா, வந்து பாருங்க."

பார்த்தேன். இல்லை.

"இதுக்கு நான் அரிசியா போட்டேன்?"

"நீ இதை இடுப்புல கட்டிக்கிட்டு வேர்க்கலையே!"

"கை வேர்க்குமில்ல? அதனால தினமும் துடைக்கிறேன். துடைச்சப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். விட்ட சொட்டையும் துடைச்சுடுவேன். எண்ணெய் இருக்கணும், ஆனா இருக்கிறது தெரியக் கூடாது. முதல்ல ஈரத்தை எடுக்காம மேல எண்ணெயைக் கொட்டினா, துருவுக்குப் போர்வை போத்தி விட்ட மாதிரிதான்."

அவள் பேச்சைக் கேட்டேன். கல்யாணமானதிலிருந்து கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ நன்றாக இருந்திருப்பேன், அது வேறு விஷயம். இப்போது தினமும் வேலை முடிந்ததும் குண்டுகளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வெறும் துப்பாக்கியோடு வருகிறேன். வெறும் துப்பாக்கி என்று எனக்குத் தெரிந்தாலும், சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து உள்ளே காலிதானா என்று பார்த்த பிறகே மற்ற வேலை. உறையிலிருந்து உடனே வெளியே எடுத்துவிடுகிறேன். தோல் பகலெல்லாம் என் வியர்வையைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை இரும்புக்கு ஊட்டுகிறது என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. உறை தனியாக மின்விசிறிக்கு அடியில் காய்கிறது. தையலில் மிஞ்சிய துணியால் துப்பாக்கி முழுக்க ஈரம் போகத் துடைத்து, இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு எடுத்து, கடைசியில் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் தொட்டு மேலே ஒரு பூச்சு, அதையும் துடைத்தாயிற்று. அதன்பிறகு வெறுங்கை படக் கூடாது, என் விரல் ரேகை பட்ட இடத்திலேயே துரு பிடிக்கும். மழையில் இறங்கி ஏறும் நாளில் மதியமும் ஒரு தரம் துடைத்துவிடுகிறேன். என் தொப்பைக்கும் உறைக்கும் நடுவே ஒரு துணிப் பட்டையையும் தைத்துக் கொடுத்திருக்கிறாள். துடைக்கிற துணி ஒரு நாள் ரோஜாப்பூ, ஒரு நாள் பொன்வண்டு, யார் யார் என்ன தைக்கக் கொடுத்தார்களோ அதைப் பொறுத்தது.

துரு போயே போய்விட்டது ஐயா! ஓட்டுநர், "அண்ணே, கொஞ்சம் அசையாம பிடிங்க, தலை சீவிக்கிறேன்"என்கிறார். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. இந்த வயதில் ஒருவன் ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு சரியாகச் செய்ய முடிகிறது என்பதே பெரிய தெம்பாக இருக்கிறது.

நாளைக் காலை கடைசிப் பரிசோதனை. வண்டி பழுதுபார்க்கப் போயிருப்பதால் மூன்று நாளாக வேலை இல்லை. கடைசியாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி, என் கை பட்டு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று திறந்துகூடப் பார்க்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் பெட்டியின் பூட்டை மட்டும், அந்த அம்மையார் எப்போதோ எழுதியபடி, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தேன். அவர் எழுதியதில் உருப்படியானது இது ஒன்றுதான். மற்றபடி சந்தாவை நிறுத்துவதில் மாற்றமில்லை.

தங்கள் இல்லத்தாருக்கும் அலுவலகத்தாருக்கும் என் மனைவியின் அன்பையும் என் வணக்கத்தையும் சொல்லவும். தங்கள் பேனாவும் கத்தரியும் என்றும் கூர்மையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாளை நிரந்தரமாகப் போகும் நம்பிக்கையுள்ள பணவண்டிக் காவலன்.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. மேலே எழுதியதைத் தயவுசெய்து எழுதாததாக வைத்துக்கொள்ளவும். இன்று காலை பூட்டில் சாவியைப் போட்டேன், திரும்பவில்லை. எலுமிச்சையும் உப்பும் உள்ளே இறங்கி, துப்பாக்கியை விட்டுப்போன துரு மொத்தமும் பூட்டுக்குள் குடியேறிவிட்டது. வேறு வழியில்லாமல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே பரிசோதனைக்குப் போனேன். மனைவி வாசல்வரை வந்து, "தைரியமா போங்க, உள்ள நல்லாத்தான் இருக்கும்"என்றாள். தடி கண்முன்னால் வந்து வந்து போனது.

பூதக்கண்ணாடி பூட்டை முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சையா?"என்றார். தலையாட்டினேன். திடீரென்று மேசையை ஓங்கி அறைந்தார்.

"தேய்ச்ச உடனே தண்ணியில அலசி, காய வச்சு, சாவித் துவாரத்துல ஒரு சொட்டு எண்ணெய் விடணும்னு எழுதியிருந்தேனேய்யா! இடமில்லைன்னு அந்த ஆசிரியர் கடைசி வரியை வெட்டிட்டார்!"

ஐயா, தங்கள் 'குடும்பத் தலைவி'க்கு மீசை இருக்கிறது. காவலர் அறை இதழ்களிலிருந்து கத்தரித்த பக்கங்கள் எல்லாம் அவருடைய மேசை இழுப்பறையில் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெட்டுப்பட்ட வரியைக் கையால் எழுதி வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். 'தினமும் அடுப்பில் ஏறும் வாணலிக்கு மட்டும்', 'மை காய்ந்த பழைய தாளில்', 'அரிசியைத் துணியில் முடிச்சுப் போட்டு', எல்லாக் கடைசி வரியும் தங்கள் கத்தரிக்கு இரையாகியிருக்கிறது. என்னை இரண்டு தரமும் ஏன் விட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு அவரே பூட்டுக்கு எண்ணெய் விட்டு, ஊறவைத்து, பொறுமையாகச் சாவியை அசைத்து அசைத்துத் திறந்தார். துப்பாக்கியை எடுத்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், கண்ணாடி வைக்காமலும் பார்த்தார். "ஒரு பொட்டு இல்ல"என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலை நிரந்தரம்! மனைவிக்கு நல்ல சேதி சொல்ல வழியெல்லாம் ஓடினேன், பெட்டியோடு.

ஆகவே சந்தாவைத் தொடரவும். அம்மையாரைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் காட்டிவிடாதீர்கள், எனக்குப் பதவி உயர்வு பாக்கி இருக்கிறது. இந்தக் கடிதத்தை வெளியிட இடம் போதாதென்றால் மேலே உள்ளது எல்லாவற்றையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கடைசி வரியை மட்டும் வெட்டாதீர்கள் ஐயா.