ஏழாவது நரம்பும் ஒரு சத்தியமும்

கருப்பட்டிக் காப்பி வலது கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தபோது, வன்னியபெருமாள் முதலில் டம்ளரைத்தான் சந்தேகித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை.

“ஏளா, இந்த டம்ளரு ஒழுகுது.”

மனைவி சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டம்ளரு ஒழுகல. ஒங்க வாயிதான் ஒரு பக்கமா கோணிக் கெடக்கு.”

பக்கவாதமாக இருக்குமோ என்ற பயம் அவருக்குப் பிறகுதான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது முந்தைய நாள் செய்த சத்தியம்.

உடன்குடி கடைவீதியில் அப்பா காலத்திலிருந்து அவருக்குக் கருப்பட்டிக் கடை. காயல்பட்டினத்து ஹாமிது, துபாய்க்குக் கொண்டுபோன கருப்பட்டியில் சீனி கலந்திருந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். சரக்கு வெளியாள் காய்ச்சியது இல்லை, சொந்த மச்சினன் இசக்கிராஜா காய்ச்சியது. வன்னியபெருமாளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கடைவீதியே கேட்கக் கத்தினார்.

“ஒரு மணி சீனி கலந்திருந்தா என் வாயி கோணிப் போவட்டும்!”

விடிந்ததும் கோணிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாதம் இல்லை என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, திருச்செந்தூரில் பிசியோதெரபி பார்க்கும் ஷீஜாவிடம் அனுப்பினார்கள். அவள் அவருடைய காதுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினாள்.

“இது முகநரம்பு, அண்ணாச்சி. மூளையில இருந்து வருத ஏழாவது நரம்பு. இங்கன வெளிய வந்து, விரிச்ச கைவிரல் மாதிரி நெத்தி, கண்ணு, கன்னம், வாயின்னு பிரியுது. அது வீங்கியிருக்கு. கண்ணாடி பாத்துப் பயிற்சி செய்யணும். புருவத்தத் தூக்கணும், ரெண்டு கண்ணையும் மூடணும், விசில் அடிக்கணும், சிரிக்கணும்.”

“சிரிக்கணுமா?”

“ஆமா.”

“இந்த நெலமையிலயா?”

வியாபாரத்துக்கு என்ன செய்வது? இசக்கிராஜாதான் யோசனை சொன்னான். “ஒரு மாஸ்க்கப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க அத்தான். எவனுக்குத் தெரியப் போவுது?”

மாஸ்க் போட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார், சொல்ல ஒன்றும் இல்லை போலும் என்று கடைவீதி பேசியது. பேச்சை நிறுத்த மாஸ்க்கைக் கழற்றினார். வாயைப் பார்த்ததும், சத்தியத்தை மறந்திருந்தவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

சீக்கிரம் குணமானால் போதும் என்று, கடையிலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தார். இரண்டு கண்களையும் இறுக்கி மூட முயன்றார். இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. அந்த நேரம் பார்த்து ஹாமிதின் மனைவி ஜமீலா கடை வாசலில் வந்து நின்றாள். அவர் அவளைக் கவனிக்காமல் உதட்டைக் குவித்து அடுத்த பயிற்சியைத் தொடங்கினார்.

“யா அல்லாஹ்! கண்ணடிச்சிட்டு விசில் வேறயா!”

அவள் போன வேகத்தில் ஹாமிது வந்தார். கூட்டமும் வந்தது. வன்னியபெருமாள் வாய்விட்டு விளக்கினார். கோணல் வாயில் வந்த விளக்கம் யாருக்கும் புரியவில்லை. இசக்கிராஜா போய் ஷீஜாவைக் கையோடு கூட்டிவந்தான்.

அவள் முகநரம்புப் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். கண்ணடித்தது பயிற்சிதான் என்று ஜமீலாவுக்குப் புரியவைத்தாள். “இது நரம்பு வீக்கம். பொய்ச்சத்தியம் பண்ணுனா யாருக்கும் வாய் கோணாது” என்று முடித்தாள். வன்னியபெருமாளுக்கு உயிர் வந்தது.

ஹாமிது நிதானமாகக் கேட்டார். “யாருக்குமே கோணாதா?”

“கோணாது.”

“அப்பம் இவரு பண்ணுன சத்தியத்துக்கு என்னதான் மதிப்பு?”

சத்தியத்தால் கோணியது என்றால் அவர் பொய்யர். கோணாது என்றால் அவர் வாக்கு வெறும் வார்த்தை. வன்னியபெருமாளின் வலது கண்ணில் நீர் வழிந்தது. மூட முடியாத கண்ணில் அது வழக்கம்தான். இடது கண்ணிலும் வழிந்ததற்கு எந்த நரம்பும் காரணமில்லை.

அன்றிலிருந்து அவர் பூஜை செய்வதுபோலப் பயிற்சி செய்தார். வாய் நேரானால்தான் தன் வாக்கும் நேராகும் என்று உறுதியாக நம்பினார். கன்னத்தை உப்பினார், புருவத்தைத் தூக்கினார், சிரிப்பு வராத நாட்களிலும் சிரித்தார். மெல்ல மெல்ல வாய் நேரானது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். சீனி துபாயில்தான் எப்படியோ கலந்திருக்க வேண்டும் என்று ஹாமிதே சொல்லிவிட்டார்.

கடைசியாக ஷீஜாவிடம் காட்டப் போனபோது, இசக்கிராஜா பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். வன்னியபெருமாள் விசில் அடித்தார். சுத்தமாக வந்தது.

“பாத்தியளாம்மா? நீங்க என்ன சொன்னாலும் சரி, சத்தியம் எனக்குத் திரும்பக் கெடைச்சிட்டு. ஒரு மணி சீனி கலக்கல.”

ஷீஜா சிரித்துக்கொண்டே திரும்பினாள். மூலையில் இருந்த கண்ணாடி முன்னால் இசக்கிராஜா மும்முரமாகக் கன்னத்தை உப்பிக்கொண்டும் புருவத்தைத் தூக்கிக்கொண்டும் நின்றான்.

“ஒங்க மொகம் நல்லாத்தான இருக்கு. நீங்க எதுக்குச் செய்யுதிய?”

அவன் அத்தானைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான்: “சத்தியம் பண்ணுனவருக்கே இந்தக் கதின்னா, சீனியக் கலந்தவன் எனக்கு எப்புடி இழுக்கும் மேடம்? அதான் இப்பமே பழகி வச்சிக்கிடுதேன்.”