சலுகை அண்ணாச்சியும் மஞ்சள் முடிக்காரியும்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாடுகளுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டதற்காகத் தெருவெல்லாம் சீனி வழங்கிய மனிதர் இந்தக் கரிசல் காட்டில் ஒருவர்தான் உண்டு.

கோவில்பட்டியில் நான் லேபிள் ஒட்டிய தீப்பெட்டி ஆபீசின் குமாஸ்தா அவர். எழுபதுகளின் கடைசி. கடல் கடந்த ஒரு நாடு, ஒப்பந்தப்படி நம் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியைக் குறைத்திருந்தது. சீனி வழங்கிய அன்றிலிருந்து, ஓயாமல் அந்த வரிச் சலுகையைப் பற்றியே பேசியதால், அவர் சலுகை அண்ணாச்சி.

"வரி கொறைஞ்சா அங்க பெட்டி வெல கொறையும். கொறைஞ்சா விக்கும். வித்தா இன்னும் கேப்பான். கேட்டா நீ ஒட்டுவ. வெளங்குதா?"

"வெளங்குது அண்ணாச்சி, பசை காயுது" என்பாள் என் பக்கத்தில் இருக்கும் பேச்சியம்மா.

சலுகை கிடைக்க, சரக்கு இந்த நாட்டில் செய்தது என்று சர்க்கார் அத்தாட்சி வேண்டும். அந்தக் கோட்டி, பைத்தியம்தான், முற்றிப்போய், பஸ் நிலையத்தில் போளி விற்றவரையே மடக்கினார்.

"கடம்பூர் போளிதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"எங்கன சுட்டது?"

"இங்கனதான், ரெண்டு தெரு தள்ளி."

"அப்பம் கடம்பூருக்கு உள்ள சலுகை ஒமக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, நாலு போளி வாங்கித் தின்றார்.

அந்த வருடம் மழை இல்லை. காட்டு வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் என் ஒருத்தி கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நாட்டு வியாபாரி ஒரு லோடு கேட்டிருந்தார். அது சலுகை வரியில் போய் இறங்கினால் வருடம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் பாதிப் பேரை நிறுத்துவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

லாரிக்கு இரண்டு நாள் இருக்கையில், கட்டி வைத்த சரக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்த அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு மாதிரித் தெரியட்டும் என்று, முதலாளி மஞ்சள் முடிக்காரி ஒருத்தியின் படத்தைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில், தீப்பெட்டிக்குப் பேர்போன வேறொரு நாடான ‘சுவீடன்’ பெயரை அச்சடித்திருந்தார்.

"மொதலாளி, இந்தப் புள்ளைக்குச் சலுகை கிடையாது."

"சும்மா இரும்வே. வெளிநாட்டுப் பேரு இருந்தாத்தான் வாங்குவான்."

"அவன் நம்ம நாட்டுப் பெட்டிக்குல்லா வரியக் கொறைச்சிருக்கான். இவளப் பாத்தா ஆபீசர்மாரு அத்தாட்சி எழுத மாட்டாவ. பொறவு இந்தப் பொம்பளையளுக்கு எவன் வேல குடுப்பான்?" என்று எங்களைக் காட்டினார்.

முதலாளி பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அச்சாபீசுக்கு ஆள் அனுப்பினார்.

பருத்திச் செடி படம் போட்டு, இந்தியாவில் செய்தது என்று எழுதிய புது லேபிள் வந்தது. கட்டுகளைப் பிரித்து, மஞ்சள் முடிக்காரியின் முகத்தின் மேலேயே ஒட்டினோம். அண்ணாச்சியும் உட்கார்ந்தார். அவர் ஒட்டியதில் பாதி தலைகீழ்.

"ஏட்டி, இவிய எந்திரிச்சாத்தான் லோடு போய்ச் சேரும்" என்று பேச்சியம்மா முணுமுணுத்தாள்.

அவர் காதில் விழாதவர் போல, தன் சட்டைப்பையிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டார். அத்தாட்சி வாங்க அந்தச் சட்டையோடுதான் போனார். வாங்கியும் வந்தார்.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. சரக்கு சலுகை வரியில் இறங்கிவிட்டது. வருடம் முழுக்க அனுப்பலாம். அண்ணாச்சி அதை எங்களுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் யாரையும் நிப்பாட்ட மாட்டாவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"போயி பசையக் கிண்டு, போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு நன்றி சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. கூச்சம். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கடிதம் வந்த மறுநாள் எல்லோருக்கும் வேலை இருந்தது.