மீட்டர் வாங்கப்போகிறவர்

மனிதரில் வேலை செய்கிறவர் ஒரு ரகம், செய்யாதவர் ஒரு ரகம் என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரகம் ஒன்று எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கிறது. செய்யப்போகும் வேலைக்குச் சரியான கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர். தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்று பெயர். மீட்டரை அவர் இன்னும் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

அவரிடம் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. தினமும் காலையில் மனைவியை அதில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த அம்மாள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறக்கிவிடுவார். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்கியது. அந்த எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி இரண்டு. இரண்டும் ஒரே அளவாக மூச்சு இழுக்க வேண்டும், ஒன்று கூட ஒன்று குறைய இழுத்தால் வண்டி இப்படித்தான் நடுங்கும். இழுப்பைக் காட்ட ஒரு மீட்டர் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்து ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது காரியம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாடிப்படியில் அவரிடம் அகப்பட்டுக்கொண்ட எல்லோருக்கும் தெரியும். தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

"மெக்கானிக்கிட்ட குடுத்துடலாமே?" என்று கேட்டுவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன சார் நீங்க! நம்ம வண்டியை நாமளே வீட்டுல பார்த்துக்கிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல. எந்த மீட்டர் வாங்கறதுன்னு மட்டும் முடிவு பண்ணிட்டேன்னா, வேலை அரை மணி நேரம்தான்."

அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதற்குள்ளேதான் அவர் குடித்தனமே நடத்துகிறார்.

முதல் வாரம் பாதரசக் குழாய்தான் பொய் சொல்லாது என்றார். பாதரசம் சிந்தினால் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ பயமுறுத்தியதும் அதைக் கைவிட்டு ஊசி மீட்டருக்கு மாறினார். ஊசி ஆடிக்கொண்டே இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, போனில் எண் காட்டும் மீட்டருக்குத் தாவினார். போன் பழசு என்றதால் புதுப் போன் பற்றி ஒன்பது நாள் ஆராய்ந்தார். கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டியூபில் எண்ணெய் ஊற்றி நாமே செய்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்து, எந்த டியூப், எந்த எண்ணெய் என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். நடுவில் ஒருநாள், இரண்டு ஊசி போதுமா, நான்கு வேண்டுமா என்று பெரிய குழப்பம்.

"உங்க வண்டிக்கு ரெண்டுதானே?"

"நாளைக்கு நாலு சிலிண்டர் வண்டி வாங்கினா?"

நான் படியிறங்கிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீட்டரின் குழாய் தன் வண்டிக்குப் பொருந்துமா என்று அளவெடுக்க, த்ராட்டில் பாடியின் பக்கவாட்டுத் துளையை அடைத்திருந்த சின்ன ரப்பர் மூடியைக் கழற்றினார். அளவை மூன்று தடவை எடுத்து நோட்டில் எழுதினார். மூடியைத் திரும்பப் போட மறந்துவிட்டார். அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, அதுவரை லேசாக நடுங்கிய வண்டி ஸ்டார்ட் ஆனதும் இருமி அணைய ஆரம்பித்தது. மனிதர் கலங்கினாரா? முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா சார்! சாதாரண மீட்டர் இதுக்குப் பத்தாது. நல்லவேளை, அவசரப்பட்டு வாங்கல."

அந்த அம்மாள் பஸ்ஸில் போகத் தொடங்கிப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை, மீட்டர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடி, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர மனிதர் கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மாள் போன் செய்து மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். நானும் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன்.

"இங்க இருந்த மூடி எங்கக்கா?" என்றார் மெக்கானிக்.

"அவரு அளவெடுத்தாரு" என்றார் அம்மாள்.

மெக்கானிக் தன் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். ஒரு மீட்டரை மாட்டினார், ஸ்க்ரூவைத் திருப்பினார், மீட்டரைக் கழற்றி மூடியைப் போட்டார். என் கையில் இருந்த டீ ஆறவில்லை, வண்டி நடுக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் திரும்பியவர் என் கண்ணெதிரிலேயே வண்டியைக் கிளப்பிப் பார்த்துத் திகைத்தார்.

"யாரு பார்த்தா? எந்த மீட்டர்ல பார்த்தான்?"

"நான் கவனிக்கலைங்க."

"அதைப் போய்க் கவனிக்காம விடுவாங்களா?"

அம்மாள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு நின்றார். "பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதுகூட எனக்குப் பெரிசில்ல. நீங்க கொண்டுபோய் விடற அந்த இருபது நிமிஷம்தான் நாம ரெண்டு பேரும் பேசிக்கிறது. அதுக்கப்புறம் நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூணு மாசமா அதுவும் இல்ல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். நீங்க வீடியோ பார்த்துக்கிட்டிருந்தீங்க."

மனிதரின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கெட்டவர் இல்லை, பாவம். திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி என் வாசலில் நின்றது.

"சார், நீங்க அன்னிக்கு இங்கதானே நின்னுக்கிட்டிருந்தீங்க? அவன் வச்சிருந்தது ஊசியா, குழாயா?" என்று கிசுகிசுத்தார்.

"ஏங்க, மணி ஆகுது" என்று அவர் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

கண்ணாடி போடவில்லை, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். நன்றாகவே பார்த்தேன். அவரிடம் சொல்லாததை உங்களிடமும் சொல்லப்போவதில்லை. எந்த மீட்டர் என்று சொல்லாமலே முடிக்கிறானே என்று உங்களுக்கு உள்ளே அரிக்கிறதா? அப்படியென்றால் இதை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யார் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பாருங்கள்.