குளோரின் அண்ணாச்சி பெண் பார்த்த கதை

தண்ணீரைச் சந்தேகப்படுவதற்கென்றே தென்காசியில் ஒருவர் பிறந்திருக்கிறார் என்றால், அது எங்கள் ஆபீஸ் குளோரின் அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது. சட்டைப் பையில் பேனா இருக்காது; குளோரின் மாத்திரை இருக்கும்.

ஆபீஸ் தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, மாத்திரையைப் போட்டு, செல்போனில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைப்பார். அது அடிக்கும்வரை விக்கல் எடுத்தாலும் ஒரு சொட்டு கிடைக்காது. சீசனுக்குக் குற்றாலம் போனால் இன்னும் கொடுமை. ஊரே அருவிக்கடியில் கும்மாளமிட, நாங்கள் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மலைமேல் குரங்கு என்ன செய்ததோ யார் கண்டது என்பார்.

பெண் வீட்டில் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் வந்தே பல சம்பந்தங்கள் தட்டிப் போயின. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அடுத்து வந்த கீழப்பாவூர்ச் சம்பந்தமும் போனால் இனிப் பெண் தேட மாட்டேன் என்று அவர் அம்மா சொல்லிவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே பெண் பார்க்கக் கிளம்பும்போது, மாத்திரையைத் தொடுவதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஏட்டு. மீசையைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி அதற்குள் எட்டிப் பார்த்தார். கை தானாகப் பைக்குள் போய், மாத்திரையைச் செம்புக்குள் போட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து மிளகாய் பஜ்ஜியைக் கடித்த ஏட்டுக்குக் காரம் தலைக்கேறியது. செம்புக்கு நீண்ட கையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"அரை மணி நேரம் ஆவும் மாமா. அதுக்கு முன்ன குடிக்கப்பிடாது."

செருப்பு எங்கே கிடக்கிறது என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து பெண் வந்தாள்.

"மருந்தப் போட்டுட்டு மூடாம வச்சிருக்கியளே, ஈ விழுந்தா?"

தட்டு ஒன்றைக் கொண்டுவந்து செம்பை மூடினாள். அண்ணாச்சியை ஒருவர் திருத்தியது அன்றுதான் முதல் தடவை. மனிதர் சொக்கிப் போனார். தண்ணீர் குடிக்காமல் எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் யாரும் நகர முடியவில்லை. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிகிற சங்கதி. இவர்கள் இருவரும் தொட்டி கழுவுவதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். ஏட்டு நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலாரம் அடித்ததும் செம்பை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"மருந்து வாடைதான். என்னத்தச் செய்ய, ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு" என்றார். அதுதான் சம்மதம்.

போன சீசனில் குற்றாலத்தில் பார்த்தேன். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் அவர் மனைவி. இருவர் வாயும் இறுக்க மூடியிருந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி பதறிப்போய், உதட்டில் விரலை வைத்து வாயை மூடச் சொன்னார். மூடிக்கொண்டேன். என் வயிற்றுக்காக அருவிக்கடியில் நின்று கவலைப்பட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?