டொரன்டோவுக்கு நான் போட்ட நேர்கோடு

பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அப்பாக்கள் குறைவு. நானும் சொல்லவில்லை. அதனால் என் மகளுக்கு என்ன ஆனது என்பதை எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் தெஹியோவிட்ட ஊருக்கு மேலே இருக்கிறது. புதுக் கன்று நடும்போது கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் முளைக்குச்சி அடிப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனாலும் நேர்கோடு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு எண்ணம். (தோட்டத்துத் துரையே ஒருமுறை பார்த்துத் தலையாட்டினார். ஈயை விரட்ட ஆட்டினார் என்று என் மனைவி சொல்லுவா.)

மகள் பவித்ரா பத்தாம் வகுப்பில் இருந்தபோது வலயக் கண்காட்சிப் போட்டிக்கு ஒரு உலக வரைபடம் செய்தாள். கொழும்பிலிருந்து லண்டன், டோக்கியோ, டொரன்டோ மூன்றுக்கும் விமானம் பறக்க ஆகக் குறுகிய பாதை எது என்று காட்டும் படம். முதலிடம் வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. ஒரு மாதம் அதே நினைப்பாக இருந்தாள்.

போட்டியன்று காலை அவள் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனபோது படத்தை விரித்துப் பார்த்தேன். பக்கென்றது. டொரன்டோவுக்குப் போகிற பென்சில் கோடு ரஷ்யாவுக்கு மேலே ஏறி, கிரீன்லாந்துப் பனியையெல்லாம் சுற்றிக்கொண்டு இறங்கியது. தோட்டத்தில் லொறி ரோடு வளைந்து வளைந்து போகும். குறுக்குப் பாதை நேராக ஏறும். எது கிட்ட என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பிள்ளை களைப்பில் பிசகிவிட்டாள் என்று நினைத்து, மூன்று கோட்டையும் ரப்பரால் அழித்தேன். அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனாவால் நேராக இழுத்து, சுருட்டிக் கட்டியும் வைத்தேன். (அங்கே போய்ச் சொன்னால் சந்தோஷப்படுவாளாம்!)

நானும் கூடப் போனேன். பஸ் பிந்தியதால், நடுவர் வந்து நின்ற பிறகுதான் படத்தை விரித்தாள். முகம் வெளுத்துவிட்டது. நடுவர் சிங்கள சேர், தமிழும் பேசுவார். கோடுகள் ஏன் நேராக இருக்கின்றன என்று கேட்டார். நான் முன்னால் போய், திருத்தியது நான்தான் என்றேன். "இப்ப எல்லாம் கெலின், சேர்." கெலின் என்றால் சிங்களத்தில் நேர். அவர் பாஷையிலேயே சொன்ன பெருமை வேறு.

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அப்பா போட்ட கோடு சரியா, மகள்? நீங்க சொல்லுங்க."

சுற்றிலும் எங்கள் தோட்டத்து ஆட்கள். பவித்ரா என்னையே பார்த்தாள். பிழை என்றால் எனக்கு அவமானம். சரி என்றால் அவளுக்குப் போட்டி போச்சு. என் கோடுதான் பிழையோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"பிழைன்னா பிழைன்னு சொல்லும்மா" என்றேன்.

பையிலிருந்து பந்துபோல உருண்டையான ஒரு ஜம்போலாப் பழத்தை எடுத்தாள். தோல் முழுக்கப் பேனாவால் உலகம் வரைந்திருந்தாள்.

"அப்பா, ஒங்க கயிறக் குடுங்க. கொழும்புல வச்சு அமுக்கிப் புடிங்க."

சட்டைப்பையில் கயிறு இல்லாமல் நான் வெளியே போவதில்லை. பிடித்தேன். என் சிவப்புக் கோட்டைப் போலவே ஆப்பிரிக்கா வழியாகத்தான் விட்டேன். மறுமுனையை அவள் டொரன்டோவில் வைத்து விறைப்பாக இழுத்தாள். கயிறு தானாக மேலே நழுவி, ரஷ்யாவைத் தாண்டி, அவள் வரைந்திருந்த பாதையிலேயே போய் நின்றது. இருபது வருஷம் என்னோடு மலை ஏறின கயிறு, அத்தனை பேர் முன்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"உருண்டையில இதுதாம்ப்பா நேரு" என்றாள், மெதுவாக.

விளக்கத்தை நடுவர் பாராட்டினார். ஆனால் படத்துக்கும் புள்ளி உண்டு. இரண்டாம் இடம். மாகாணத்துக்கு வேறு பிள்ளை போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜம்போலாவை உரித்து, கனடாப் பக்கத்துச் சுளையை என் கையில் வைத்தாள். தின்றேன். கசந்தது.

இப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், மனைவி உள்ளே குரல் கொடுப்பா: "பவி, அப்பா வந்துட்டாரு, அழிக்கிற ரப்பர ஒளிச்சு வை." ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ரப்பரை ஒளிக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வாரம்தான் கவனித்தேன். அவள் நிஜமாகவே ஒளித்து வைக்கிறாள்.