மதுரை முதல் மங்கோலியா வரை

மதுரைப் பக்கம் ஒரு காட்டில் ஓர் ஏரியும், அதன் கரையில் தருமலிங்கம் என்றொரு நரியும் இருந்தன. ஏரியில் தண்ணீர் பங்குனி வரைதான் நிற்கும். நரியிடம் ஒரு கைபேசி இருந்தது. சுற்றுலா வந்த யாரோ தவறவிட்டது. கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த வம்சத்தில் இல்லை.

குளிர்காலத்தில் மங்கோலியாவிலிருந்து அந்த ஏரிக்கு வாத்துகள் வரும். கோமளமும் வருவாள். எவ்வளவு தூரம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மலை வரும், தாண்டினால் ஊர் வரும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பூகோளம்.

இந்த வருஷம் ஊருக்குப் போய்த் தலைச்சன் முட்டை இடவேண்டும். தின்று கொழுத்து, மினுமினுவென்று இருந்தாள். நரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுத்தண்ணீரில் நீந்துகிறவளை என்ன செய்ய முடியும்? கிளம்புகிற சமயம் பார்த்துக் கூப்பிட்டது.

"தங்கச்சி, மதுரையிலிருந்து உங்க மங்கோலியாத் தலைநகர் உலான்பாத்தருக்கு ஆகாய மார்க்கமா எவ்வளவு தூரம் தெரியுமா? ஐயாயிரம் கிலோமீட்டர்."

"ஐயாயிரம்னா நெறையவா அண்ணே?"

"நேரா போற விமானமே கெடையாதுன்னா பாத்துக்கோ. அவ்ளோ பெரிய விமானத்துல போறவனே நடுவுல எறங்கி மாறித்தான் போறான்."

கோமளம் நீந்திப் போய் அதை அப்படியே ஒப்பித்தாள். புருஷன் பச்சையப்பன் சிரித்தான். "நரிக்குப் பொய்தானே பொழப்பு. அதைப் போய் நம்புறியா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் கோமளம் விவரமானவள். ஆந்தையிடம் போய் விசாரித்தாள். ஆந்தை கண்ணை மூடிக் கணக்குப் போட்டு, "சரியாத்தான்மா சொல்லிருக்கு. கொஞ்சம் கூடவே வரும்" என்றது. நரி ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று முதல் அவளுக்கு இறக்கை வலித்தது. போன வருஷம் பறந்ததற்கும் சேர்த்து வலித்தது. இமயமலை உயரத்தில் காற்று கம்மி என்று நரி படித்துக் காட்டியதும், "அதான் அங்க மூச்சு முட்டிச்சா? நான் பசின்னுல்ல நெனச்சேன்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தடவை போயிட்டு வந்தவ நீ" என்று பச்சையப்பன் கெஞ்சினான்.

"தெரியாமப் போயிட்டேங்க. தெரிஞ்சு யாராவது போவாங்களா?"

கூட்டம் கிளம்பியது. பச்சையப்பன் கடைசி ஆளாகப் பறந்தான். கண்ணுக்கு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சித்திரையில் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. கோமளம் காய்ந்த சேற்றில் முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தொண்டை வறண்டது. சேற்றில் நடந்து நரி பக்கத்தில் வந்து குந்தியிருந்தது.

"அண்ணே, கிட்டத்துல தண்ணி எங்க இருக்கு?"

நரி தேடிப் பார்த்தது. இந்த முறையும் உண்மையைத்தான் சொன்னது.

"நாலு கிலோமீட்டர், தங்கச்சி."

"ஆத்தாடி, நாலா" என்று கோமளம் இறக்கையை மடக்கிக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

நரி கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தது.

நீதி: பொய் சொல்லி ஏமாற்றுவது விவரமில்லாத நரிகளின் வேலை. சரியான தகவலைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.